பழத்தைப் பார்க்காத பழவாசனை

சாராய ஆலையில் காய்ச்சி வடிக்கும்போது பியூசல் எண்ணெய் என்றொரு கழிவு சேரும். முகர்ந்தால் இருமல் வரும். சரக்கின் ருசியைக் கெடுக்கும் என்று பிரித்து ஒதுக்குவார்கள். அதில் பெரும்பங்கு ஐசோஅமைல் ஆல்கஹால். நம் கதாநாயகனின் பிறந்த வீடு அதுதான்.

அந்த ஆல்கஹாலையும், வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்தையும் கலந்து, கொஞ்சம் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்க வேண்டும். இரண்டும் தங்களுக்குள் இருந்து ஒரு மூலக்கூறு தண்ணீரைக் கழித்துவிட்டு ஒன்று சேரும். முதலில் அமில நெடிதான் மூக்கில் ஏறும். ஆறியதும் தண்ணீரில் கொட்டிச் சமையல் சோடாவைத் தூவினால் மிச்ச அமிலம் நுரைத்து அடங்கும். மேலே நிறமில்லாத எண்ணெய் மிதக்கும். கனிந்த வாழைப்பழ மணம் கமழும். ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர் இது. வாழைப்பழத்திலும் இருப்பது இதே சரக்குதான், போலி ஒன்றுமில்லை.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு இது 'பேரிக்காய் எண்ணெய்' என்ற பெயரில் வந்தது. வேதியியலாளர் ஹாஃப்மன் இதை ஆராய்ந்து எழுதினார். மிட்டாய்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூடவே வந்த அன்னாசி எண்ணெய்க்கு மூலம், ஊசிப்போன வெண்ணெயை நாறவைக்கும் பியூட்டிரிக் அமிலம். மிட்டாயைச் சப்பியவர்களிடம் யார் இதைச் சொல்லியிருப்பார்கள்?

இதன் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1884. ஒரு விளக்கின் வெளிச்சத்தை அளக்க அளவுகோல் வேண்டும். மெழுகுவர்த்தியை நம்பினால் ஒன்றைப்போல் இன்னொன்று எரியாது. ஜெர்மன் பொறியாளர் ஹெஃப்னர்-ஆல்டெனெக் இந்த எஸ்டரை விளக்கில் ஊற்றினார். திரி 8 மில்லிமீட்டர் தடிமன், சுடர் 40 மில்லிமீட்டர் உயரம். அது தரும் ஒளியே ஓர் அலகு. எந்த ஊரில் ஏற்றினாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றாக வந்தது. சுடர் சற்றுச் சிவப்பு, காற்றடித்தால் ஆட்டம். ஆனாலும் ஜெர்மனியில் 1940கள் வரை தாக்குப்பிடித்தது.

இடையில் வார்னிஷ் கரைப்பானாகவும் உழைத்தது. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களைச் சண்டைக்குக் கூப்பிடும் மணத்திலும் இது இருப்பது 1962இல் தெரியவந்தது.

இப்போது இன்னொரு வேலை: தொழிற்சாலைகளில் நச்சு ஆவியைத் தடுக்கும் முகமூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. முகமூடி போட்டவரை ஒரு பிளாஸ்டிக் கூண்டுக்குள் நிறுத்தி, இந்த எஸ்டரில் நனைத்த காகிதத் துண்டை உள்ளே தொங்கவிடுவார்கள். தலையைத் திருப்பச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், உரக்க வாசிக்கச் சொல்வார்கள். நடுவில் வாழைப்பழம் மணத்தால் முகமூடி ஃபெயில். வேறு அளவு எடுத்து வர வேண்டியதுதான்.