தோலும் தீயும்

அடித்தோலில் கம்பிச்சுருள்கள் அதிரும் ஸ்நேர் முரசின் பழைய இசைத்தட்டு ஒலியை மீட்க முனையும் ஒலிப்பதிவாளர் பலர் கன்றுத்தோலைத் தேடுகின்றனர். ஈரக்காற்றில் தோல் தொய்யும். அமெரிக்காவில் 1957இல் ரெமோ பெல்லி பிளாஸ்டிக் தோலை விற்கத் தொடங்கியபின் அத்தொல்லை நீங்கியது. கனிந்த அதிர்வும் உடன் போயிற்று.

மாமல்லபுரக் கடற்காற்றிலும் இதே நியதிதான். செங்கல்பட்டுச் சிற்றூர்களில் பறையைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றிய பின்னரே அடிப்பர். சிம்புக்குச்சி எழுப்பும் கூரிய ஓசையில் ஸ்நேரின் உறவை நாம் கேட்கலாம். இன்று பறைகள் பலவற்றிலும் பிளாஸ்டிக் ஏறிவிட்டது. தீ மூட்டும் வேலையில்லை.

தோலைப் பதப்படுத்தியோரையும் பறையடித்தோரையும் சேரியில் ஒதுக்கிய சமூகம் நம்முடையது. அவர்களுள் பலர் இழிவின் சின்னமென்று பறையைத் துறந்ததும் அதனாலேயே. மேலைநாட்டார் தேடுவது இழந்த ஓசையை. பறையொலியைப் பதியும் நாமோ அந்த வரலாற்றுக்கும் செவிகொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.