மூச்சிரைப்பு நின்றதும் இன்ஹேலரை நிறுத்தலாமா?

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் நீடித்திருக்கும் அழற்சியாகும். தூசி, மகரந்தம், புகை போன்றவை படும்போது குழாய்கள் சுருங்கிச் சளி சேர்கிறது. இதனால் இருமல், வீசிங், நெஞ்சு இறுக்கம் ஆகியவை ஏற்படுகின்றன. இரவிலும் அதிகாலையிலும் இவை மிகும். தொடர் தும்மல், மூக்கில் நீர் வடிதல் ஆகிய ஒவ்வாமைத் தொல்லைகளும் பலருக்கு உடனிருக்கும். அவற்றுக்கும் சிகிச்சை பெற வேண்டும்.

இரண்டு வகை இன்ஹேலர்கள்

• நிவாரண இன்ஹேலர் (சால்புட்டமால்): சில நிமிடங்களில் குழாயை விரிக்கும். ஆனால் அழற்சியைக் குறைக்காது.
• தடுப்பு இன்ஹேலர் (பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு): அழற்சியைக் குறைக்கும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

"குழந்தைக்கு இருமலே இல்லையே, இனி மருந்து எதற்கு?" என்பது புறநோயாளிகள் பிரிவில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி. இருமல் இல்லாதிருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். நோய் நீங்கியதன் அடையாளம் அன்று. தாமாக நிறுத்தினால் அழற்சி ஓசையின்றி மீண்டும் வளரும். அளவைக் குறைப்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நிவாரண மருந்தை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்தானது. 12 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சால்புட்டமாலை மட்டும் தனித்து அளிப்பதை உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

இன்ஹேலர் அடிமைப்படுத்தாது. மருந்து நேராக நுரையீரலுக்குச் செல்வதால், மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதுமானது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் பூஞ்சைத் தொற்றைத் தவிர்க்கலாம். குழந்தைகளுக்கு ஸ்பேசர் இணைத்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்கவும்.
• தரையை ஈரத்துணியால் துடைக்கவும்.
• கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி, பீடி, சிகரெட் புகையைத் தவிர்க்கவும்.
• போகி, தீபாவளி நாட்களில் புகை சூழும் வேளையில் நோயாளியை வீட்டினுள் வைத்து, சன்னல்களை மூடவும்.

உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை
• மூச்சை உள்ளிழுக்கும்போது விலா இடைகள் உள்வாங்குதல்
• உதடு நீலமாதல், மயக்கம், குழப்பம்
• நிவாரண இன்ஹேலருக்குப் பின்னும் குறையாத மூச்சுத் திணறல்

ஆம்புலன்ஸ் வரும் வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் அறிவுறுத்தியபடி நிவாரண இன்ஹேலரைத் தொடர்ந்து கொடுக்கவும்.

நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ, இரவில் இருமலால் விழிப்பு வந்தாலோ, ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். செல்லும்போது இன்ஹேலரையும் எடுத்துச் சென்று, பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளவும்.