காற்றறிந்து அமைத்த ஊர்

நம் முன்னோர் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் வைத்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கடற்கரை மக்கள் நாவில் மேல்காற்று இன்றும் கச்சான் என்று வழங்குகிறது. இவ்வாறு பெயரிட்டு அறிந்த காற்றுக்கு ஏற்பவே அவர்கள் தம் ஊரையும் அமைத்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாகைக் கடற்கரையின் பழைய மீனவர் குப்பமொன்றை நினைவில் கொணர்வோம். கரையோர மணலில் கட்டுமரமும் வலையும் கிடக்கும். அதற்கு அப்பால் காற்றே குவித்த மணல்மேடு. அதனை அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிணைத்து நிறுத்தும். அடுத்துத் தாழையும் பனையும். அவற்றின் மறைவில் குடியிருப்பு. குடிசைகள் ஒரே வரிசையில் நில்லாமல் முன்னும் பின்னுமாக நெருங்கி நிற்கும். நேரான தெருவில் காற்று தடையின்றி ஓடும். வளைந்த சந்து அதன் வேகத்தைக் குறைக்கும். குனிந்து நுழையுமளவுக்கு இறவாரம் தாழ்ந்திருப்பதால் புயற்காற்று கூரையை எளிதில் தூக்காது. பிற்பகலின் கடற்காற்றோ கீற்றுத் தடுப்பின் இடுக்குகள் வழியே உள்ளே வந்து குளிர்விக்கும். பகைக்காற்றைத் தடுத்து, நட்புக்காற்றை வரவேற்ற அமைப்பு அது.

அது அழியா அரண் என்று நாம் கூறவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதன்பின் கடலுக்கு 200 மீட்டருக்கு அப்பால் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. அவை உறுதியானவை, தேவையானவையும்கூட. ஆயினும் பல இடங்களில் நிலத்தைச் சமன்செய்ய மரங்கள் வெட்டப்பட்டன. காற்றின் திசை நோக்காமல் வீடுகள் நேர்வரிசையில் அமைந்தன. நிழலற்ற வீட்டின் வெப்பம் தாளாமல் மக்கள் வாசலில் மீண்டும் கீற்றுப் பந்தல் இட்டனர். பழைய அறிவு அப்பந்தலளவில் எஞ்சி நிற்கிறது.

கோப்புகளிடையே காலங்கழிக்கும் நாம், எழுத்தில் உள்ளதையே ஆவணம் என்று கொள்கிறோம். குப்பத்தின் வளைந்த சந்தும் ஓர் ஆவணமே. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, எங்கே மரம் நின்றது, வாசல் எத்திசை நோக்கியது, ஏன் என்று முதியோரிடம் கேட்டு எழுதி வருவோம். அவர்கள் மறைந்தபின் அதன் நகல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.