உலோகமும் படிநிலையும்: சீரங்கப்பட்டணப் பதக்கம் போற்றியது யாரை?

போர்ப்பதக்கம் தனியொருவரின் துணிச்சலுக்கு அளிக்கப்படும் வீரவிருதிலிருந்து வேறுபட்டது. ஒரு படையெடுப்பில் பங்கேற்றமைக்காக, பங்கேற்ற அனைவருக்கும் பொதுவாக வழங்கப்படுவது. பிரித்தானியப் படை வரலாற்றில் இதன் தொடக்கமாக 1815ஆம் ஆண்டின் வாட்டர்லூ போருக்கான பதக்கமே பெரும்பாலும் சுட்டப்படுகிறது. ஆயினும் 1799 மே 4 அன்று, மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் தலைநகரான சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததன் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி அளித்த பதக்கம் தளபதி முதல் சிப்பாய் வரை எல்லாரையும் சென்றடைந்ததால் அம்முதன்மை அதற்கே உரியது என வாதிடுவாரும் உளர். அவ்வாதம் பாதியளவே ஏற்கத்தக்கது. எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது உண்மை, எல்லாருக்கும் ஒன்றே கொடுக்கப்படவில்லை என்பதும் உண்மை.

பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோகோ நாணயச்சாலையில், குஷ்லர் என்னும் செதுக்குக் கலைஞரின் வடிவமைப்பில் உருவான இப்பதக்கம் ஒரே உருவத்தை ஐந்து உலோக நிலைகளில் தாங்கியது. உயர் தளபதிகளுக்குப் பொன்னும், மேஜர் முதலிய மேல்நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாமிட்ட வெள்ளியும், கேப்டன்களுக்கும் அவர்க்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கும் வெள்ளியும், ஹவில்தார் போன்றோர்க்கு வெண்கலமும், கடைநிலை வீரனுக்கு வெள்ளீயமும் எனப் பகுக்கப்பட்டபோது, படையின் படிநிலையே உலோகமாக வார்க்கப்பட்டது எனலாம். வெள்ளீயம் மென்மையானது, எளிதில் தேய்வது. கோட்டை உடைப்பில் முன்னே ஏறியவனின் நினைவுச்சின்னமே முதலில் மங்கக்கூடியதாக அமைந்தது. எனினும் ஐரோப்பியக் கடைநிலை வீரனும் இந்தியச் சிப்பாயும் ஒரே உலோகத்தைப் பெற்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கைப்பற்றிய செல்வத்தைப் பங்கிட்டபோது அந்தச் சமன்மையும் இல்லை: தலைமைத் தளபதி ஹாரிஸ் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, சிப்பாய்க்கு ஐரோப்பிய வீரனைவிடக் குறைவாகவே கிடைத்தது.

உருவங்கள் இன்னும் நுட்பமானவை. முன்பக்கத்தில் பிரித்தானியச் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. புலி திப்பு சுல்தானின் சின்னம். மேலே பறக்கும் கொடியில் 'இறைவனின் சிங்கமே வெல்வது' எனப் பொருள்படும் அரபுத் தொடர் உள்ளது. திப்புவின் படைக்கலங்களில் புலிமுகமாக வரையப்பட்ட எழுத்துக்கோலமும் இதே தொடரே. தோற்றவனின் மண்ணோடு அவனது சொல்லும் கைப்பற்றப்பட்டது. பின்பக்கத்தில் உச்சிவெயிலில் கோட்டை தாக்கப்படும் காட்சியும், பாரசீக எழுத்தில் நாளும் காணப்படுகின்றன.

இதை முந்தைய மைசூர்ப் போருக்காக (1790–92) கம்பெனி இந்தியப் படையினர்க்கு அளித்த பதக்கத்தோடு ஒப்பிட்டால் ஓர் இழப்பு புலப்படும். அதில் நடுவே நிற்பவன் சிப்பாய். ஒரு கையில் பிரித்தானியக் கொடியையும் மறுகையில் தலைகீழாக எதிரியின் கொடியையும் ஏந்தி, கவிழ்ந்த பீரங்கியின்மேல் காலூன்றி நிற்கிறான். 1799இல் அவ்விடத்தை விலங்குகள் பிடித்துக்கொண்டன. உருவகத்துக்கு மாறிய வெற்றியில் தமிழ், தெலுங்கு வட்டாரங்களில் ஆளெடுத்து உருவான சென்னைப் படையின் சிப்பாய்க்கு முகம் இல்லாது போயிற்று.

பெயரும் இல்லை. வாட்டர்லூ பதக்கம் எல்லார்க்கும் வெள்ளியாகவே அமைந்ததோடு, பெறுபவரின் பெயரையும் விளிம்பில் பொறித்துத் தந்தது. சீரங்கப்பட்டணப் பதக்கம் பெயரற்றே அடிக்கப்பட்டது. மாட்டும் வளையம்கூட வரையறுக்கப்படாததால் அணிய விரும்பியவர் தாமே பொருத்திக்கொண்டனர். போற்றப்படுவது ஆளா, அணியா என்னும் கேள்விக்கு விளிம்பின் வெறுமையே விடை.

சிப்பாயின் உடலில் எது இருக்கலாம் என்பதைக் கம்பெனி வேறு வகையிலும் வரையறுத்தது. புதிய தலைப்பாகையை அணியவும், அணிவகுப்பில் நெற்றிக்குறியையும் காதணியையும் நீக்கவும் இட்ட ஆணைகள் சினத்தை மூட்ட, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் எழுந்தனர். சிங்கம் வீழ்த்தியதாகப் பதக்கம் காட்டிய புலியின் கொடியையே அவர்கள் அங்கு ஏற்றினர்.