இயங்குதளக் கருனி மாற்றீடு

கருனி மாற்றீடு என்பது ஓர் இயங்குதளத்தின் மையப்பகுதியாகிய கருனியை நீக்கி, அதனிடத்தில் வேறொரு கருனியை அமைப்பதாகும். நினைவகம், செயலியின் நேரம், கோப்புகள், வன்பொருள் ஆகியவற்றைப் பயன்பாட்டு மென்பொருள்களுக்குப் பகிர்ந்தளிப்பது கருனியே. நெடுங்காலமாகப் பயன்பாட்டிலுள்ள கருனிகளைப் புதியவற்றால் மாற்ற வேண்டுமா என்பது கணினியியலில் தொடர்ந்து விவாதிக்கப்படும் வினாவாகும்.

கருனி வகைகள்

ஒற்றைக் கருனி: வன்பொருள் இயக்கிகள், கோப்பு முறைமை, பிணைய வசதி ஆகிய அனைத்தும் ஒரே நினைவக வெளியில் இயங்கும். லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இது விரைவானது. எனினும், ஓர் இயக்கியில் உள்ள பிழை முழுக் கணினியையும் நிறுத்திவிடக்கூடும்.

நுண்கருனி: இன்றியமையாத பணிகள் மட்டும் கருனியில் இருக்கும்; ஏனையவை தனித்தனி நிரல்களாக வெளியே இயங்கும். மினிக்ஸ் 3, எல்4 குடும்பம் ஆகியன எடுத்துக்காட்டுகள். பழுதடைந்த பகுதியை மட்டும் மீண்டும் தொடங்க இயலும். ஆனால் பகுதிகளுக்கிடையே நிகழும் செய்திப் பரிமாற்றத்தால் வேகம் சற்றுக் குறையும்.

விவாதத்தின் தோற்றம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். மினிக்ஸை உருவாக்கிய பேராசிரியர் ஆன்ட்ரூ டனன்பாம், ஒற்றைக் கருனி அமைப்பு காலங்கடந்தது என 1992 இல் வாதிட்டார். நுண்கருனி கோட்பாட்டளவில் மேலானது என்பதை டோர்வால்ட்ஸ் ஏற்றுக்கொண்டார். ஆயினும் லினக்ஸ் அப்போதே பயன்படுத்தத்தக்க நிலையில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1990 இல் தொடங்கப்பட்ட குனூ ஹர்ட் என்னும் நுண்கருனித் திட்டம் இன்றுவரை 1.0 பதிப்பை எட்டவில்லை.

ஆதரவான காரணங்கள்

லினக்ஸ் மூலநிரல் 3 கோடி வரிகளைக் கடந்துவிட்டது. இத்தனை வரிகளையும் பிழையற்றவை என மெய்ப்பிப்பது நடைமுறையில் இயலாது. மாறாக, ஏறத்தாழ 8,700 சி மொழி வரிகளைக் கொண்ட எஸ்.இ.எல்4 நுண்கருனி, தன் வரையறையின்படியே இயங்குகிறது என்பது 2009 இல் கணித முறையில் நிறுவப்பட்டது.

கருனி வெளியில் நிகழும் பிழையின் விளைவு 2024 சூலையில் வெளிப்பட்டது. விண்டோஸ் கருனிக்குள் இயங்கிய கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் தவறான இற்றைப்படுத்தலால் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் செயலிழந்தன. இந்திய வானூர்தி நிலையங்கள் சிலவற்றில் வானூர்தி ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன.

எதிரான காரணங்கள்

லினக்ஸ் மூலநிரலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வன்பொருள் இயக்கிகளாகும். புதிய கருனி எத்துணைச் சிறப்பாக வடிவமைக்கப்பட்டாலும், அச்சுப்பொறி, கம்பியில்லாப் பிணைய அட்டை போன்றவற்றுக்கு இயக்கிகள் இல்லையெனில் பொதுப் பயன்பாட்டிற்கு உதவாது. பல்லாண்டுப் பயன்பாட்டில் கண்டறிந்து திருத்தப்பட்ட பிழைகளின் பயனும் அதற்குக் கிட்டாது.

தமிழ்நாட்டில்

சென்னை சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஆதரவு அளிப்பதாகும். இதற்குப் புதிய கருனி எழுதப்படவில்லை. டெபியன் வழியாக லினக்ஸ் கருனியே பயன்படுத்தப்பட்டது. 2011 இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் இயங்குதளமும் நிறுவித் தரப்பட்டது. 2023 இல் சென்னை ஐ.ஐ.டி. சார்பில் அறிமுகமான பார்ஓஎஸ் கைப்பேசி இயங்குதளமும் திறந்த மூல ஆண்ட்ராய்டை, அதன்வழி லினக்ஸ் கருனியை அடிப்படையாகக் கொண்டது. உள்நாட்டு இயங்குதளம் என்பது உள்நாட்டுக் கருனி என்று பொருள்படாது என்பதற்கு இவை சான்றுகள்.

நிகழ்ந்த மாற்றீடுகள்

- 2001: விண்டோஸ் எக்ஸ்பி வாயிலாக இல்லப் பயனர்களின் 9எக்ஸ் வரிசைக் கருனி, என்.டி. கருனியால் மாற்றப்பட்டது.
- 2001: ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் பத்தில் எக்ஸ்.என்.யு. கருனியைப் புகுத்தியது. பழைய மென்பொருள்கள் இயங்கத் தனிச் சூழலும் அளிக்கப்பட்டது.
- 2021: கூகுள் நெஸ்ட் ஹப் கருவியில் லினக்ஸுக்குப் பதிலாக ஃபியூஷியாவின் சர்க்கான் கருனி நிறுவப்பட்டது. திரைத் தோற்றம் மாறாததால் பெரும்பாலான பயனர்களுக்கு வேறுபாடு புலப்படவில்லை.

இவற்றில் வன்பொருளையோ இயங்குதளத்தையோ ஒரே நிறுவனம் கட்டுப்படுத்தியது; பழைய பயன்பாடுகள் தொடர்வதற்கும் வழி செய்யப்பட்டது.

இடைவழி

முழுமையாக மாற்றாமல் பகுதி பகுதியாகப் புதுப்பிப்பதும் ஒரு முறையாகும். நினைவகப் பிழைகளைத் தவிர்க்க உதவும் ரஸ்ட் மொழிக்கான தொடக்கநிலை ஆதரவு, 2022 திசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதனால் புதிய இயக்கிகளை அம்மொழியில் எழுத இயலும். ஏற்கெனவே உள்ள இயக்கிகளைக் கைவிட வேண்டியதில்லை.