அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வகுப்புப் பாடங்களும் (காத்திவாக்கம்)

சென்னையின் வடகோடியில், வங்கக் கடலுக்கும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கும் அருகே அமைந்த பகுதி காத்திவாக்கம். தனி நகராட்சியாக இருந்து 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று திருவொற்றியூர் மண்டலத்தில் அடங்கும். குப்பத்து மீனவர் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் ஒரே வகுப்பில் படிக்கும் வட்டாரம் இது.

தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளி என்பது பத்தாம் வகுப்பு வரை. பிளஸ் டூ வரை இருந்தால் மேல்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புக்குப் பாடங்கள் ஐந்து: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். மொத்தம் 500 மதிப்பெண். 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால் அரசுப் பள்ளியில் இந்திப் பாடவேளை இல்லை. மாநில வாரியம், மெட்ரிக் என்று பிரிந்து கிடந்த பாடத்திட்டங்களை 2010-ன் சமச்சீர் கல்விச் சட்டம் ஒன்றாக்கியது. இப்போதைய பாடநூல்கள் 2018-19 முதல் படிப்படியாக வந்தவை.

தொடக்க வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியர். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், பேச்சு வழக்கில் பி.டி.; பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர், அதாவது பி.ஜி. நியமனத் தேர்வுகளை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது.

இந்த ஏற்பாட்டில் மிகக் கடினமான வேலை அறிவியல் பி.டி.யுடையது. அவர் பட்டம் பெற்றது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கில் ஒன்றில்; நடத்த வேண்டியதோ நான்கையும். விலங்கியல் படித்தவர் இதயத்தின் அறைகளைக் கலர் சாக்பீஸில் வரைந்து, எந்த ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று புத்தகத்தைத் திறக்காமலே விளக்கிவிடுவார். அதே வகுப்பில் ஓம் விதிக் கணக்கு வரும்போது முந்தைய இரவே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். செய்முறையையும் அவரே நடத்துகிறார். சமூக அறிவியலிலும் இதே நிலைதான்: வரலாறு படித்தவர் புவியியல் வரைபடத்தையும் பொருளியலையும் சேர்த்தே சுமக்கிறார். இந்த உழைப்பு எந்தத் தேர்ச்சி விழுக்காட்டிலும் தெரிவதில்லை என்பது பெரும் குறை.

காத்திவாக்கத்தில் இப்பாடங்கள் வெறும் புத்தகச் செய்திகள் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அருகிலுள்ள எண்ணூர் கழிமுகத்தில் பரவி, படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களிலும் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு வெளியேறினர். ஒன்பதாம் வகுப்பின் ‘அமிலங்கள், காரங்கள் மற்றும் உப்புகள்’ பாடத்தையும் பத்தாம் வகுப்பின் தமிழ்நாட்டுப் புவியியலையும் இங்குள்ள பிள்ளைக்கு இவற்றைச் சொல்லித்தான் நடத்த வேண்டும். பாடத்தின் இறுதியில் வரும் ‘புக் பேக்’ கேள்விகளோடு நிறுத்திக்கொண்டால், அமோனியா நெடி ஏன் கண்ணை எரித்தது என்று கேட்கும் மாணவிக்குப் பதில் கிடைக்காது.

ஓவியம், தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்குச் சிறப்பாசிரியர்கள் உண்டு. பல பள்ளிகளில் இவர்கள் 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்புதான். கடலோரத்தில் ஓடியாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சிறிய இழப்பல்ல.

பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் என்று குரூப் பிரிகிறது. ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண். 2017-18-க்கு முன்பு இது 1,200. தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல் போன்ற பாடங்கள் உண்டு. அசோக் லேலண்ட் ஆலையும் துறைமுகமும் இருக்கும் எண்ணூர் வட்டாரத்தில் இப்பிரிவுக்கு நல்ல பட்டறையும் முழுநேர ஆசிரியரும் அமைவது மிகவும் அவசியம்.