அரபு படித்த பிரேசில் பேரரசர்

நமது வரலாற்றுப் புத்தகங்களில் 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதோடு போர்த்துக்கேயர் கதை முடிந்துவிடும். அதன் பிறகும் அவர்களிடம் பிரேசில் இருந்தது. நெப்போலியனுக்குப் பயந்து லிஸ்பனில் கப்பலேறிய அரச குடும்பம் 1808இல் அங்கு போய்ச் சேர்ந்தது. 1822இல் அக்குடும்பத்து இளவரசரே பிரேசிலைத் தனி நாடாக்கிப் பேரரசரானார். அவருடைய மகன்தான் இரண்டாம் பெட்ரோ.

பிறந்தது 1825இல். ஒரு வயதில் தாய் மௌத்தானார். ஐந்து வயதில் தந்தை முடியைத் துறந்து ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். 14 வயதிலேயே "பராயமடைந்தவர்" என்று அறிவித்து ஆட்சியைக் கையில் கொடுத்தார்கள். விளையாட ஆளில்லாத அந்தப் பிள்ளை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பிறகும் விடவில்லை. ஹீப்ரு, சமஸ்கிருதம், அரபு எல்லாம் படித்தார். ஆயிரத்தொரு இரவுகளை அரபிலிருந்தே போர்த்துக்கேய மொழிக்குப் பெயர்க்கத் தொடங்கினார். எகிப்துக்கு இரண்டு தடவை போனார். 1876இல் சிரியா, லெபனான், பலஸ்தீன் என்று சுற்றினார். பேரரசராக இருப்பதைவிடக் குடியரசின் ஜனாதிபதியாகவோ அமைச்சராகவோ இருப்பதையே விரும்புவதாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்த மன்னர் அவர்!

ஆனால் அந்த நாட்டில் அரபு எழுத்துக்கு இன்னொரு கதையும் இருந்தது. 1835 ஜனவரியில், ரமழான் கடைசிப் பத்தில், சல்வடோர் நகரில் ஆபிரிக்க முஸ்லிம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒரே இரவில் அடக்கப்பட்டது. பிறகு வீடு வீடாகத் தேடினார்கள். அரபில் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி வைத்திருந்ததே குற்றத்துக்குச் சாட்சியானது. அப்போது பெட்ரோவுக்கு ஒன்பது வயது. ஆட்சி பிரதிநிதிகளின் கையில். ஆனால் முப்பது வருடம் கழித்து, அவருடைய சொந்த ஆட்சியில், உஸ்மானியக் கப்பலொன்றில் ரியோவுக்கு வந்த இமாம் அப்துர் ரஹ்மான் அல்-பக்தாதி கண்டது என்ன? மார்க்கத்தை வெளியே காட்டாமல் ஒளித்து வாழ்ந்த ஆபிரிக்க முஸ்லிம்களை. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவென்றே அவர் கப்பலை விட்டு அங்கு தங்கிவிட்டார்.

பெட்ரோ அடிமை முறையை வெறுத்தார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1850இல் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குவது தடுக்கப்பட்டது. 1871இல், இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று சட்டம் வந்தது. அதிலும் ஒரு சூது: 21 வயதுவரை அப்பிள்ளைகளின் உழைப்பை எஜமான் எடுத்துக்கொள்ளலாம். அமைச்சரவையையே மாற்றும் அதிகாரம் பேரரசருக்கு அரசியலமைப்பில் இருந்தது. இருந்தும் கோப்பித் தோட்ட முதலாளிகளைப் பகைக்க அவர் அவசரப்படவில்லை. பொறுமை என்று சிலர் இதைச் சொல்வார்கள். தோட்டத்தில் வேலை செய்தவனிடம் கேட்டால் வேறு பேர் சொல்லியிருப்பான்.

கடைசியில் 1888 மே 13இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டது மகள் இஸபெல். பெட்ரோ அப்போது ஐரோப்பாவில் நோயாளியாகக் கிடந்தார். சுமார் 7 இலட்சம் பேர் விடுதலையானார்கள். முதலாளிமார் அரண்மனையைக் கைவிட்டார்கள். இராணுவம் ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்தது. 1889 நவம்பர் 15இல் புரட்சி. இரண்டு நாளில், இரவோடிரவாகக் குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அவர் எதிர்த்து நிற்கவில்லை.

1891 டிசம்பரில் பாரிஸில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். பிரேசில் மண் கொஞ்சம் பொதி கட்டி வைத்திருந்தார், தன்னோடு சேர்த்து அடக்கச் சொல்லி.